ஓடுபாதைக்கு முன் உள்ள மஞ்சள் கோடு: அனுமதியின்றி ஒரு விமானம் அதைத் தாண்டாமல் தடுப்பது எது?

பல்லாவரத்துப் பயணி கேட்டது:

சென்னையில் விமானம் ஏறும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். முனையத்திலிருந்து கிளம்பி டாக்ஸிவேயில் ஊர்ந்து வரும் விமானம், ஓடுபாதைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் குறுக்கே மஞ்சள் கோடுகளும், புல்வெளி ஓரத்தில் வெள்ளை எழுத்துகளுடன் ஒரு சிவப்புப் பலகையும் தெரிகின்றன. அந்தக் கோட்டுக்கு அப்பால் செல்லக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அந்த அனுமதியைத் தவிர அங்கே வேறு காவல் ஏதும் உண்டா என்பதே என் கேள்வி.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நடந்த விபத்தைப் பற்றி வாசித்த பிறகுதான் இந்தக் கேள்வி எழுந்தது. சப்போரோவிலிருந்து 379 பேருடன் வந்த ஏர்பஸ் ஏ350 விமானம் மாலை 5.47 மணிக்குத் தரையிறங்கியபோது, அதே ஓடுபாதையில் ஜப்பான் கடலோரக் காவல் படையின் டேஷ்-8 விமானம் நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் நோட்டோ தீபகற்பத்தைத் தாக்கிய நிலநடுக்கத்துக்கான நிவாரணப் பொருள்களை நீகட்டாவுக்கு எடுத்துச் செல்லவிருந்த விமானம் அது. அதிலிருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். தலைமை விமானி மட்டுமே பிழைத்தார். ஏர்பஸில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிருடன் வெளியேறினர்.

அந்தச் சிறிய விமானம் ஏறத்தாழ 40 விநாடிகள் ஓடுபாதையில் நின்றிருக்கிறது. அத்தனை நேரம் கோபுரத்தில் இருந்தவர்களும் கவனிக்கவில்லை, தரையிறங்க வந்த விமானிகளும் கவனிக்கவில்லை, நின்றிருந்தவர்களுக்கும் ஐயம் எழவில்லை. இது எப்படி நேர்ந்தது? நம் ஊரில் ரயில் வரும்போது லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிவிடுகிறார்கள்; நூற்றுக்கணக்கான உயிர்கள் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வந்து இறங்கும் பாதைக்கு அப்படி ஒரு தடுப்பு ஏன் இல்லை? துறையில் பணியாற்றியவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கோபுரத்தார் எழுதியது:

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஹனேடாவில் அன்று வானொலியில் பேசப்பட்டதிலிருந்து தொடங்குவதே சரி. கட்டுப்பாட்டாளர் கடலோரக் காவல் படை விமானத்திடம் சொன்னவை இரண்டு: புறப்படும் வரிசையில் அது முதலாவது, சி5 என்ற காத்திருப்பு இடம் வரை அது ஊர்ந்து வரலாம். ஓடுபாதைக்குள் நுழையும்படி அவர் சொல்லவில்லை. விமானிகளும் அந்த இரண்டையும் பிழையில்லாமல் திரும்பச் சொன்னார்கள். ஓடுபாதைக்குள் நுழைவது, அதைக் கடப்பது, அதன் முன்னால் நிற்பது, அதில் தரையிறங்குவது, அதிலிருந்து புறப்படுவது ஆகிய எல்லா உத்தரவுகளையும் விமானி சொல்லுக்குச் சொல் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது உலகளாவிய விதி. நாங்கள் பெரிதும் நம்பியிருக்கும் காப்பும் அதுவே. அன்று அந்தக் காப்பு குறையின்றிச் செயல்பட்டது, ஆனாலும் விமானம் கோட்டைத் தாண்டியது. காதில் விழுந்தது சரியா என்பதைத் திரும்பச் சொல்லும் முறை சோதிக்கும். மனத்தில் பதிந்தது சரியா என்பதைச் சோதிக்க அதனால் இயலாது.

நிவாரணப் பணிக்குச் செல்பவர், தமக்கு முன்னுரிமை கிடைத்திருக்கிறது என்று எண்ணியிருக்கும் நிலையில், 'நம்பர் ஒன்' என்ற சொல்லைக் கேட்கிறார். அடுத்துக் கிடைக்க வேண்டிய அனுமதி கிடைத்துவிட்டதாகவே அவருக்குப் பட்டுவிடுகிறது. விபத்துக்குப் பின் ஜப்பானில் அந்த வரிசை எண்ணைச் சொல்வதையே சில மாதங்கள் நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தார்கள். அதுவும் நியாயமே, ஏனெனில் தமக்கு முன்னால் எத்தனை விமானங்கள் உள்ளன என்று தெரிந்தால்தான் விமானிகள் தம் ஆயத்த வேலைகளைப் பதற்றமில்லாமல் முடிக்க முடியும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வலிமையானது என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று கானரி தீவுகளில் உள்ள டெனரீஃபில் நடந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அந்தச் சிறிய நிலையத்தின் டாக்ஸிவேயை அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து மறுமுனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. மூடுபனியில் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை; கோபுரத்திலிருந்தும் இரண்டும் தெரியவில்லை; தரை ரேடாரும் கிடையாது. அவற்றில் ஒன்றான கேஎல்எம் விமானம் மறுமுனையில் திரும்பி நின்று, புறப்பட்ட பின் செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதியைப் பெற்றது. அதைப் புறப்படுவதற்கான அனுமதியாகவே கொண்டு தலைமை விமானி வேகமெடுத்தார். அந்த நேரத்தில் கோபுரம் காத்திருக்கச் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று மற்றொன்றான பான் ஆம் விமானத்தின் விமானிகள் சொன்னதும் ஒரே அலைவரிசையில் ஒரே நொடியில் மோதி, கேஎல்எம் விமானிகளுக்கு ஒரு கீச்சொலியாகவே கேட்டன. எதிரே வரும் விமானம் விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் கேட்டார்; விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். 583 பேர் இறந்தனர். 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி அளிக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற எல்லா இடங்களிலும் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்ற இன்றைய விதி அந்த விபத்திலிருந்து வந்தது.

கோபுரத்தில் இருந்தவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஹனேடாவில் ஓடுபாதைக்குள் தவறாக ஒரு விமானம் நுழைந்தால் திரையில் நிறம் மாற்றிக் காட்டும் கருவி இருந்தது. அன்று அது வேலையும் செய்தது. ஆனால் அது ஒலி எழுப்பாத எச்சரிக்கை, அந்தத் திரையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. தரையிறங்கும் விமானம், அதற்கு அடுத்த விமானம், புறப்படக் காத்திருக்கும் விமானங்கள், பிற பிரிவுகளிலிருந்து வரும் கேள்விகள் என ஒருவர் கவனிக்க வேண்டியவை நிறைய. கோட்டுக்கு முன்னால் நிற்கச் சொன்ன விமானம் அங்கேதான் நிற்கும் என்று மனம் அதைத் தள்ளி வைத்துவிடும். விபத்துக்குப் பின் அந்தத் திரையைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தினார்கள். ஒலி எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அரசு அமைத்த குழு பரிந்துரைத்தது.

தரையிறங்கும் விமானிகளுக்கு அந்தச் சிறிய விமானம் தெரியாமல் போனதை நான் குறையாகவே கருதமாட்டேன். இருட்டிய பின், ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளும் வெள்ளை, முன்னால் நிற்கும் விமானத்தின் வால் விளக்கும் வெள்ளை. அது நடுக்கோட்டின் மீது அசையாமல் நின்றால் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே போல, ஓடுபாதையில் நிறுத்தி வைத்த சிறிய விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் மறந்து, பெரிய விமானம் ஒன்றை அதே ஓடுபாதையில் தரையிறங்க அனுமதித்தார். 35 பேர் இறந்தனர்.

நம் நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று டெல்லியில், தரையிறங்கிய ஒரு விமானம் முனையத்துக்குச் செல்லும் வழியில் இன்னொரு ஓடுபாதையைக் கடக்கப் பணிக்கப்பட்டது. அந்த ஓடுபாதையில் மற்றொரு விமானத்துக்குப் புறப்பட அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கடக்க வந்த விமானத்தின் தலைமை விமானி நிலைமையை உணர்ந்து கோபுரத்தை எச்சரித்தார். புறப்பாடு உடனே நிறுத்தப்பட்டது. அவர் தமக்கு வந்த உத்தரவை நிறைவேற்றியதோடு நின்றுவிடாமல், ஓடுபாதையில் என்ன நடக்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தவறும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் இந்த முறைதான் அன்றாடம் நம்மைக் காக்கிறது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினால்தான் அது இயலும்.

ஏப்ரன் ஓட்டுநர் எழுதியது:

மேலே ஐயா விமானங்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அந்தக் கோட்டைத் தாண்டுவது விமானங்கள் மட்டுமல்ல என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஓடுபாதையில் கிடக்கும் பொருள்களைத் தேடும் ஆய்வு வாகனம், பறவை விரட்டும் வாகனம், விளக்குகளைப் பழுது பார்க்கும் மின் பிரிவு, புல் வெட்டுபவர்கள், தீயணைப்பு வண்டிகள் ஆகிய அனைவரும் ஏதோ ஒரு நேரத்தில் உள்ளே செல்ல வேண்டியவர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையும் இதைத்தான் சொல்கிறது: விமானமோ வாகனமோ மனிதரோ, ஓடுபாதையின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தவறாக இருப்பது எதுவானாலும் அது அத்துமீறல்தான்.

2022 நவம்பர் 18 அன்று பெருவின் லிமா விமான நிலையத்தில் நடந்ததை எங்கள் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தீயணைப்பு வண்டிகள் எத்தனை நிமிடத்தில் வந்து சேர்கின்றன என்று அளக்கும் பயிற்சி அன்று நடந்தது. பயிற்சிக்குக் கிடைத்த ஒப்புதலை ஓடுபாதைக்குள் நுழைவதற்கான அனுமதியாகவும் எடுத்துக்கொண்டு வண்டிகள் உள்ளே வந்துவிட்டன. அதே நேரத்தில் ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம் புறப்படுவதற்காக வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு வண்டியின் மீது மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் அனைவரும் பிழைத்தனர். தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். உயிரைக் காக்கும் வேகத்தைப் பழகும்போதே உயிரை இழந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. பயிற்சியை யார் யார் சேர்ந்து திட்டமிட்டார்கள், எந்தச் சொற்களில் அனுமதி கேட்டார்கள், எந்தச் சொற்களில் கொடுத்தார்கள் என்பவைதான் விசாரணையில் முன்னுக்கு வந்த குறைகள்.

விமானங்கள் நிறுத்தப்படும் ஏப்ரனில் மட்டும் ஓட்டுவதற்கு ஓர் அனுமதிச் சீட்டு. ஓடுபாதை வரை செல்ல வேண்டியவர்களுக்கு அதற்கு மேல் வானொலிப் பயிற்சியும் தேர்வும். உள்ளே செல்லும் வாகனம் தன் அழைப்புப் பெயரைச் சொல்லி, எந்த ஓடுபாதை, எந்த நுழைவு, எதற்காக, எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். வெளியே வந்தவுடன் 'ஓடுபாதை காலி' என்று அறிவிக்க வேண்டும். வண்டியின் பின்பகுதியும் கோட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகே அந்தச் சொல்லைச் சொல்லலாம். கோபுரத்தில் இருப்பவர் அதை நம்பித்தான் அடுத்த விமானத்தை இறக்குகிறார்.

ஆனால் பல நாடுகளில் வாகனங்கள் ஓர் அலைவரிசையில் உள்ளூர் மொழியிலும், விமானங்கள் வேறோர் அலைவரிசையில் ஆங்கிலத்திலும் பேசுகின்றன. அப்படிப் பேசினால், டெல்லியில் அந்த விமானி செய்ததைப் போல ஒரு வாகனம் இருப்பதை உணர்ந்து எச்சரிக்க எந்த விமானிக்கும் வழியில்லை. ஓடுபாதைக்குள் இருக்கும் நேரம் மட்டுமாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே மொழியில் பேசுவது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிங்கைவாசி எழுதியது:

இதுவரை பேசப்பட்டவற்றில் பெரும்பாலானவை, தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தும் அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களைப் பற்றியவை. தாம் இருக்கும் இடமே தெரியாமல் போவது மற்றொரு வகை. சிங்கப்பூரில் வாழும் எங்களுக்கு அது மறக்க முடியாத ஒன்று.

2000 அக்டோபர் 31 அன்று இரவு, தைவானின் தைபேய் நகருக்கான விமான நிலையத்தில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ006 விமானம் புயல் மழைக்கு நடுவே புறப்படத் தயாரானது. அதற்கு ஒதுக்கப்பட்ட ஓடுபாதை 05 இடது. அதற்கு இணையாக அருகிலேயே இருந்த 05 வலது ஓடுபாதையின் ஒரு பகுதியில் சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்ததால், அதில் விமானங்கள் புறப்படுவது தடை செய்யப்பட்டிருந்தது. டாக்ஸிவேயின் பச்சை நடுக்கோட்டு விளக்குகள் 05 வலது ஓடுபாதையை நோக்கி நெருக்கமாக வளைந்து சென்றன. நேராகச் சென்று 05 இடதை அடையும் பாதையில் இடைவெளி அதிகம், ஒரு விளக்கு எரியவே இல்லை, மற்றொன்று மங்கல். மூடப்பட்ட ஓடுபாதையின் நுழைவில் தடுப்பு ஏதும் வைக்கப்படவில்லை. விமானிகள் பச்சை விளக்குகளைத் தொடர்ந்து தவறான ஓடுபாதையில் திரும்பி வேகமெடுத்தனர். கட்டுமான இயந்திரங்களின் மீது மோதி விமானம் உடைந்து எரிந்தது. 179 பேரில் 83 பேர் இறந்தனர். விமானிகளுக்கு ஓடுபாதையின் நிலை குறித்த அறிவிப்பு முன்கூட்டியே எழுத்தில் வழங்கப்பட்டிருந்தது. அந்த மழையிரவில் கண்ணெதிரே தெரிந்த விளக்குகளே அவர்களை வழிநடத்தின.

ஓராண்டுகூட முடிவதற்குள், 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாடே விமான நிலையத்தில் அதே வகைக் குழப்பம். மூடுபனியில் ஒரு சிறிய செஸ்னா ஜெட்டுக்கு ஆர்5 என்ற பாதை சொல்லப்பட்டது. அது ஆர்6 வழியாகச் சென்றது. ஆர்6, ஓடுபாதையைக் குறுக்கே கடந்து செல்லும் பாதை. பலகைகளும் தரைக் குறிகளும் முறையாக இல்லை. செஸ்னா விமானி தாம் கண்ட ஒரு குறியின் பெயரைச் சொன்னபோது, அப்படி ஒரு குறி இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய தரை ரேடார் அகற்றப்பட்டு, புதியது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 விமானம் அதன் மீது மோதி, பயணப்பைகளைக் கையாளும் கட்டடத்தில் போய் விழுந்தது. தரையில் இருந்த நால்வர் உட்பட 118 பேர் இறந்தனர்.

ஆகவே கோட்டைக் காப்பது விமானியின் ஒழுங்கு மட்டும்தான் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. பலகை எங்கே நிற்கிறது, வண்ணப்பூச்சு மங்கிவிட்டதா, எந்த விளக்கு எரியவில்லை என்பவற்றுக்குப் பொறுப்பான விமான நிலைய நிர்வாகமும் அதே அளவுக்கு அந்தக் கோட்டின் காவலர்தான். விபத்து நடந்த பின் விமானிகளின் பெயர்கள்தாம் நாளிதழ்களில் வருகின்றன. எரியாத விளக்குக்குப் பொறுப்பானவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

பல்லாவரத்துப் பயணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் டாக்ஸிவேயின் குறுக்கே சிவப்பு விளக்குகளைத் தரையில் பதித்து, கோபுரத்திலிருந்து அணைத்தால்தான் செல்லலாம் என்ற ஏற்பாடு பல இடங்களில் உள்ளது என்று வாசித்தேன். ஹனேடாவின் சி5 இலும் அது இருந்ததாகவும், அன்று இயங்கவில்லை என்றும் தெரிகிறது. நான் முதலில் சொன்ன லெவல் கிராசிங் கேட்டுக்கு மிக அருகில் வருவது இதுதான் அல்லவா? அப்படியானால் அதை இரவும் பகலும் எரியவிடுவதில் என்ன தடை?

ஓய்வுபெற்ற கோபுரத்தார் எழுதியது:

நீங்கள் குறிப்பிடுவதை நாங்கள் ஸ்டாப் பார் என்போம். சி5 இல் இருந்தது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அது நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அன்று மாலை எரிந்திருக்காது, ஏனெனில் பார்வை குறைந்த வானிலையில் மட்டும் அதைப் பயன்படுத்துவதே அங்கிருந்த வழக்கம். சர்வதேச விதிகளும் ஓடுபாதையில் பார்வைத் தொலைவு 550 மீட்டருக்குக் கீழே செல்லும் நிலையை மனத்தில் கொண்டே ஸ்டாப் பாரைக் கட்டாயமாக்கின. பனியில் கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே விளக்கு வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சிந்தனை. கோடு நன்றாகத் தெரிந்தும் மனிதர்கள் அதைத் தாண்டுகிறார்கள் என்பது பின்னால் புரிந்தது. அதனால்தான் ஐரோப்பாவில் எல்லா வானிலையிலும் 24 மணி நேரமும் அதைப் பயன்படுத்த வலியுறுத்துகிறார்கள். என் கருத்தும் அதுவே.

தடைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு நுழைவிலும் கட்டுப்பாட்டாளர் விளக்கை அணைத்து மீண்டும் ஏற்ற வேண்டும். சென்னையைப் போல இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில், கடக்க வேண்டிய புள்ளிகளும் அதற்கேற்ப அதிகமாக இருக்கும். ஒருவர் பேசியபடியே கவனிக்க வேண்டிய வேலைகளில் இது மேலும் ஒன்று. கோபுரத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கும் நிலையில் இதைச் சேர்த்தால் பயன் குறையும். ஆகவே விளக்கோடு சேர்த்து ஆள்களையும் கூட்டியாக வேண்டும்.

அமெரிக்காவில் சுமார் 20 விமான நிலையங்களில் வேறொரு முறையும் உள்ளது. தரை ரேடார் தரும் தகவலைக் கொண்டு, ஓடுபாதையில் ஒரு விமானம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் நுழைவுகளில் உள்ள சிவப்பு விளக்குகள் தாமாகவே எரியும்; கட்டுப்பாட்டாளர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அவர் தவறாக அனுமதி அளித்திருந்தாலும் விளக்கு சிவப்பாகவே இருக்கும், விமானி நிற்க வேண்டும். இதன் சிறப்பு அதுதான். விளக்கு அணைந்திருப்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாகவும் கொள்ளக் கூடாது. அனுமதி கோபுரத்திலிருந்துதான் வர வேண்டும்.

மரக்கட்டையோ இரும்புக் கதவோ ஏன் இல்லை என்று முதலில் கேட்டீர்கள். ஓடுபாதையை ஒட்டிய பகுதியில் நிற்கும் எந்தப் பொருளும் விமானம் மோதினால் எளிதில் உடைந்து விழ வேண்டும் என்பது விதி. பலகைகளின் கால்களும் விளக்குத் தண்டுகளும்கூட அப்படித்தான் செய்யப்படுகின்றன. தரையிறங்கிய விமானம் அதே வழிகளில்தான் ஓடுபாதையை விட்டு விரைவாக விலக வேண்டும். விபத்து நேர்ந்தால் தீயணைப்பு வண்டிகளும் அவற்றின் வழியாகத்தான் பாய்ந்து வர வேண்டும். உறுதியான தடுப்பு ஒன்று மூடிய நிலையில் பழுதானால், ஓடுபாதையில் சிக்கிக்கொண்ட விமானத்தின் மீது அடுத்தது இறங்கும் நிலை உருவாகும்.

எரியும் ஸ்டாப் பாரை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாமல் இருப்பதுதான் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது. கட்டுப்பாட்டாளர் நுழைய அனுமதித்து, விளக்கு சிவப்பாகவே இருந்தால், விமானி நின்று கேட்க வேண்டும். விளக்கு பழுதாகி அணையவில்லை என்று கட்டுப்பாட்டாளர் வாய்மொழியாகச் சொல்லி ஒரு முறை அனுப்பினால், அடுத்த முறை சிவப்பைக் கண்டதும் அதே விமானியின் கால் பிரேக்கை அழுத்தத் தயங்கும். பழுது உறுதியானால் வேறொரு நுழைவு வழியாக அனுப்ப வேண்டும். அதற்கு வழியில்லாதபோது, வகுக்கப்பட்ட மாற்று நடைமுறையின்படி, 'ஃபாலோ மீ' வாகனம் ஒன்றை முன்னால் விட்டு அதன் பின்னால் விமானத்தை அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆனாலும், பின்னால் எத்தனை விமானங்கள் வரிசையில் நின்றாலும், அப்படித்தான் செய்ய வேண்டும்.